பக்கவாதத்தில் மூளை ஸ்கேனைப் படிப்பது எப்படி: முதல் மணி நேரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் படம் கைக்கு வந்ததும் குடும்பத்தார் கேட்பது ஒரே கேள்விதான்: "கை, கால் பழையபடி வருமா?" நியாயமான கேள்வி. ஆனால் அவசரப் பிரிவில் எடுத்த முதல் ஸ்கேனிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டதே வேறு கேள்விகளுக்காக. ரத்தம் கசிந்திருக்கிறதா? எந்தக் குழாய் அடைத்திருக்கிறது? காப்பாற்றக்கூடிய திசு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மீட்சியைப் பற்றிய தகவல் அடுத்த சில நாட்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதிலும் கணிசமான பங்கு ஸ்கேனிலிருந்து வராது, படுக்கையருகே செய்யும் எளிய பரிசோதனையிலிருந்து வரும்.

அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் போகிறது. பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மற்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள், ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள விரும்பும் உறவினர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. சிகிச்சை முடிவு பக்கத்தில் இருக்கும் மருத்துவக் குழுவுடையது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலிருந்து தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

படி 1: படத்தைத் தொடும் முன் இரண்டு விஷயங்கள்

முதலாவது, நேரம். அறிகுறி எப்போது கண்ணில் பட்டது என்பதைவிட, நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் முக்கியம். இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்கு எழும்போது கை வரவில்லை என்றால் கணக்கு இரவு 10 மணியிலிருந்து தொடங்கும். ஒரே படத்துக்கு இரண்டாம் மணி நேரத்தில் ஓர் அர்த்தம், இருபதாம் மணி நேரத்தில் வேறு அர்த்தம்.

இரண்டாவது, பாதிப்பின் அளவு. நோயாளியைப் பரிசோதித்துத் தரும் என்ஐஎச்எஸ்எஸ் என்ற பக்கவாத மதிப்பெண் 0 முதல் 42 வரை போகும். கூடக் கூடப் பாதிப்பு அதிகம். இதில் ஒரு சாய்வு உண்டு. 42-இல் 7 புள்ளிகள் மொழித் திறனோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடும் குறைக்கு 2 புள்ளிகள்தான். அதனால் வலது மூளையில் பெரிய பாதிப்பு இருந்தும் மதிப்பெண் குறைவாக வரலாம். சிறுமூளை, மூளைத்தண்டு பாதிப்புகளையும் இந்த அளவுகோல் சரியாகப் பிடிக்காது. தலைசுற்றலும் தள்ளாட்டமும் இருக்கும், மதிப்பெண் 2 என்று வரும்.

கூடவே ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: படத்தில் நமக்கு வலது பக்கம் தெரிவது நோயாளியின் இடது பக்கம். புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது.

படி 2: சாதா சிடி (சாயம் ஏற்றாமல் எடுப்பது), முதலில் ரத்தத்தைத் தேடுங்கள்

மூளையை உயிரோடு இருக்கும் மனிதரிடம் குறுக்குவெட்டாகப் பார்க்க முடிந்தது 1971-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி கருவியில் முதல் நோயாளி ஸ்கேன் செய்யப்பட்டார். அவர் பெயரில்தான் இன்றும் அடர்த்தியை அளக்கிறோம். தண்ணீர் 0 அலகு. வெள்ளைப் பொருள் (நரம்பு இழைகள் ஓடும் பகுதி) சுமார் 25 முதல் 30, சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) சுமார் 35 முதல் 40, புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80. அதனால்தான் புதிய ரத்தக்கசிவு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை, மீதி கசிவால். இரண்டுக்கும் வெளி அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை ரத்தக்கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் சிடியின் முதல் வேலை ரத்தம் இல்லை என்று உறுதி செய்வது.

ரத்தம் இருந்தால் பாதை இங்கேயே பிரிகிறது. கசிவின் அளவைப் படத்திலேயே தோராயமாகக் கணக்கிடலாம். ரத்தம் பெரிதாகத் தெரியும் துண்டில் நீளம், அதற்குச் செங்குத்தான அகலம், மேலிருந்து கீழ் வரை உள்ள உயரம், இந்த மூன்றையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 5, 4, 3 என்றால் 60-ஐ இரண்டால் வகுத்து 30 மில்லி. இந்த 30 மில்லி என்பதே, ரத்தக்கசிவின் தீவிரத்தை மதிப்பிடும் ஐசிஎச் ஸ்கோரின் எல்லைக்கோடுகளில் ஒன்று. மற்றவை: நினைவு நிலை, ரத்தம் மூளை அறைகளுக்குள் புகுந்திருக்கிறதா, கசிவு மூளையின் கீழ்ப்பகுதியிலா, வயது 80 அல்லது அதற்கு மேலா. சாயம் செலுத்தி எடுக்கும் சிடியில் கசிந்த ரத்தத்துக்குள் சிறு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கசிவு இன்னும் வளரலாம் என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்த ஸ்கோரை முதல் நாளிலேயே மரணத் தீர்ப்பாக வாசிப்பது தவறு. ஸ்கோர் மோசம் என்று சிகிச்சையை முன்கூட்டியே குறைத்தால் நோயாளி இறந்துபோவார். கணிப்பும் "பலித்துவிட்டது" என்று ஆகிவிடும். ரத்தக்கசிவிலிருந்து மீள்பவர்கள் தொடக்கத்தில் மெதுவாகத்தான் மீள்கிறார்கள். பலருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் தொடர்கிறது.

படி 3: ரத்தம் இல்லையென்றால், அடைப்பின் ஆரம்பத் தடயங்கள்

முதல் சில மணி நேரத்தில் சிடி முற்றிலும் சாதாரணமாகவே இருக்கலாம். "ஸ்கேன் நார்மல், ஆகவே ஸ்ட்ரோக் இல்லை" என்பது பழைய, இன்னும் சாகாத தவறு. திசுவில் நீர் ஒரு சதவீதம் கூடினால் அடர்த்தி 2 முதல் 3 அலகுதான் குறையும். சாதாரணத் திரை அமைப்பில் கண்ணுக்கு அது தெரியாது. திரையின் மாறுபாட்டு எல்லையைக் குறுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது சில தடயங்கள் வெளிப்படும்: இன்சுலா (பக்கவாட்டில் உள்ளே மடிந்திருக்கும் மூளைப் பகுதி) ஓரத்தில் சாம்பல் பொருளின் கோடு மங்கியிருக்கும், ஆழத்தில் உள்ள லென்டிஃபார்ம் உட்கருவின் விளிம்பு கரைந்திருக்கும், மூளை மடிப்புகளின் பள்ளங்கள் ஒரு பக்கம் மட்டும் அடைபட்டிருக்கும். மூளையின் பக்கவாட்டுக்கு ரத்தம் தரும் நடு மூளைத் தமனி சில சமயம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். உள்ளே இருக்கும் ரத்தக்கட்டிதான் அது.

இந்தத் தடயங்களை மதிப்பெண்ணாக மாற்றும் முறைதான் ஆஸ்பெக்ட்ஸ். கனடாவின் கால்கரி குழுவினர் 2000-இல் வெளியிட்டது. நடு மூளைத் தமனி ரத்தம் தரும் பகுதியைப் பத்தாகப் பிரிப்பார்கள்: ஆழத்தில் உள்ள காடேட், லென்டிஃபார்ம், இன்டர்னல் கேப்ஸ்யூல், கூடவே இன்சுலா, அப்புறம் மூளையின் மேலடுக்கான புறணியில் ஆறு பகுதிகள். முழு மதிப்பெண் 10. பாதித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று கழியும். தொடக்கத்தில் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் விளைவு மோசம் என்று பார்த்தார்கள். பல ஆண்டுகள் 6-க்கும் கீழே உள்ளவர்களுக்குக் கதீட்டர் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சை, அதாவது த்ராம்பெக்டமி, பெரும்பாலும் மறுக்கப்பட்டது. 2022, 2023-இல் ஜப்பானிலும் சீனாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் 3 முதல் 5 மதிப்பெண் உள்ளவர்களுக்கும் பயன் உண்டு என்று காட்டின. ஆக, குறைந்த ஆஸ்பெக்ட்ஸ் என்றால் நிலைமை மோசம். ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அதற்குப் பொருளில்லை.

இரண்டு அனுபவசாலிகள் ஒரே படத்துக்கு 6 என்றும் 8 என்றும் சொல்வது சகஜம். ஒற்றைப் புள்ளி வித்தியாசத்துக்காகச் சண்டை போடத் தேவையில்லை.

படி 4: எந்தக் குழாய், மாற்றுப்பாதை எப்படி

கையில் சாயம் ஏற்றி, மார்பில் மகாதமனி வளைவிலிருந்து உச்சந்தலை வரை எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் அடைப்பின் இடத்தைக் காட்டும். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் உள் கரோட்டிட், நடு மூளைத் தமனியின் முதல் பகுதி, மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் போன்ற பெரிய குழாய்களில் அடைப்பு என்றால் ஊசி மட்டும் பல நேரம் போதாது; த்ராம்பெக்டமி பேச்சுக்கு வரும். 2015-இல் ஐந்து சோதனைகள் அடுத்தடுத்து வெளிவந்து அந்தச் சிகிச்சையை நிலைநிறுத்தின.

எனக்கு இதில் அடைப்பைவிடச் சுவாரசியமானது அதைச் சுற்றி ஓடும் மாற்றுக் குழாய்கள், அதாவது கொலேட்டரல்கள். முன் மூளைத் தமனியிலிருந்தும் பின் மூளைத் தமனியிலிருந்தும் மெல்லிய கிளைகள் புறணியின் மேல் வழியாக வந்து, அடைபட்ட பகுதிக்குப் பின்னோக்கி ரத்தம் கொடுக்கும். இது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். பெரிய குழாய் அடைப்பில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வந்த கணக்கு பலரும் கேள்விப்பட்டதே. அது சராசரி. நல்ல மாற்றுப்பாதை உள்ளவருக்குப் பன்னிரண்டாம் மணி நேரத்திலும் பெரும்பகுதி பிழைத்திருக்கும். மோசமாக உள்ளவருக்கு இரண்டாம் மணி நேரத்திலேயே எல்லாம் போயிருக்கும்.

இதை மதிப்பிட ஒரே படம் போதாது. சாயம் தாமதமாக வந்து சேரும் குழாய்களை முதல் கட்டப் படம் தவறவிடும். அதனால் சில விநாடிகள் இடைவெளியில் மூன்று கட்டமாக எடுப்பார்கள். இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் குழாய்கள் நிரம்பி வந்தால் மாற்றுப்பாதை இருக்கிறது, தாமதமாக என்றாலும்.

படி 5: இறந்தது எவ்வளவு, தவிப்பது எவ்வளவு

மூளைக்கு இயல்பாக 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகும். அது 20-க்கும் கீழே இறங்கினால் நரம்பணு வேலையை நிறுத்தும், உயிர் இருக்கும். 10-க்கும் கீழே போய் நீடித்தால் இறந்துவிடும். இடைப்பட்ட அந்தத் தவிப்புப் பகுதிக்குப் பெனும்ப்ரா என்று பெயர். 1981-இல் ஆஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்தக் கருத்தை நிலைப்படுத்தியது. கை அசையவில்லை என்பதால் கைக்கான பகுதி இறந்துவிட்டது என்று பொருளில்லை. அது பெனும்ப்ராவில் இருக்கலாம். குழாயைத் திறந்த சில மணி நேரத்தில் சிலர் கையைத் தூக்குவது இதனால்தான். முதல் மணி நேர அறிகுறியையும் முதல் ஸ்கேனையும் வைத்து மீட்சியைச் சொல்ல முடியாததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

பெர்ஃப்யூஷன் ஸ்கேன் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். சாயம் திசு வழியாக ஓடும் வேகத்தை ஒரு நிமிடம்போலத் தொடர்ந்து படமெடுத்து மென்பொருள் கணக்கிடும். ரத்த ஓட்டம் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டால் 30 சதவீதத்துக்கும் குறைவான பகுதியை மையச் சேதம் என்று எடுத்துக்கொள்வார்கள். டீமேக்ஸ் என்ற தாமத அளவு 6 விநாடிக்கு மேல் உள்ள முழுப் பகுதியும் ரத்தம் போதாத பகுதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காப்பாற்றக்கூடியது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மையச் சேதம் 25 மில்லி, டீமேக்ஸ் 6 விநாடிக்கு மேல் 110 மில்லி. வித்தியாசம் 85 மில்லி, விகிதம் 4.4. டிஃப்யூஸ் 3 என்ற த்ராம்பெக்டமி சோதனையில் நோயாளிகளைச் சேர்க்க வைத்த வரம்புகள் மையம் 70 மில்லிக்குக் குறைவு, விகிதம் குறைந்தது 1.8, வித்தியாசம் குறைந்தது 15 மில்லி. இந்த நோயாளி உள்ளே வருவார். அந்தச் சோதனையில் 6 முதல் 16 மணி நேரத்துக்குள் த்ராம்பெக்டமி செய்தவர்களில் 45 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் சுயமாக வாழும் நிலையில் இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். 24 மணி நேரம் வரை போன டான் சோதனையில் இதே ஒப்பீடு 49 சதவீதம், 13 சதவீதம். இரண்டும் 2018-இல் வெளிவந்தவை. கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்த காலம் அதோடு மாறியது.

ஆனால் வண்ணப் படங்களுக்கு ஒரு வசியம் உண்டு. பச்சை, சிவப்பில் எண்ணோடு வந்தால் கேள்வி கேட்காமல் நம்பத் தோன்றும். நம்புவதற்கு முன் தமனி, சிரை இரண்டின் சாய வளைவுகளும் முழுதாக ஏறி இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நோயாளி தலையை அசைத்தாலோ இதயம் பலவீனமாக இருந்தாலோ கணக்கு தப்பும். பல நாளாகவே கழுத்துக் குழாய் சுருங்கியிருந்தால் டீமேக்ஸ் பகுதி பொய்யாகப் பெரிதாகும். சின்னஞ்சிறு ஆழ்பகுதிப் பாதிப்புகள் இதில் தெரியாமலே போகலாம். இன்னொரு பொறி: மிக ஆரம்பத்தில், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில், "மையச் சேதம்" என்று மென்பொருள் காட்டிய பகுதி குழாயை வேகமாகத் திறந்ததும் பிழைத்துவிடுவதுண்டு. இறந்தது என்று படம் சொன்னாலும் அது ஓட்டத்தை வைத்துச் செய்த ஊகம்தான். திசுவை நேரடியாகப் பார்த்துச் சொன்னதல்ல.

படி 6: எம்ஆர்ஐ எப்போது, அதில் எதைப் பார்ப்பது

திசுவைக் கிட்டத்தட்ட நேரடியாகக் காட்டுவது டிஃப்யூஷன் எம்ஆர்ஐ, அதாவது டிடபிள்யூஐ. செல் வீங்கும்போது அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நகர இடம் சுருங்கும். அந்த இடம் சில நிமிடங்களிலேயே வெள்ளையாக ஒளிரும். டிடபிள்யூஐயை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்திலேயே, நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதைக் காட்டும் ஏடிசி படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டிடபிள்யூஐயில் வெள்ளை, ஏடிசியில் கறுப்பு என்றால் புதிய பாதிப்பு. இரண்டிலும் வெள்ளை என்றால் அது பழையதாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம். சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாளில் ஏடிசி இயல்பு நிலைக்கு வந்தது போலத் தோன்றும், பிறகு வெளுக்கும். திசு குணமாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்கள் சிதைந்து நீர் மீண்டும் தாராளமாக நகர்கிறது, அவ்வளவுதான்.

ஃபிளேர் என்ற இன்னொரு வகை எம்ஆர்ஐ படம் மெதுவாகத்தான் மாறும்; பல மணி நேரம் ஆகும். இந்தத் தாமதமே ஒரு கடிகாரமாகப் பயன்படுகிறது. டிடபிள்யூஐயில் தெரிகிறது, ஃபிளேரில் இன்னும் தெரியவில்லை என்றால் பாதிப்பு பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் வந்தது. தூக்கத்தில் பக்கவாதம் வந்து நேரமே தெரியாதவர்களிடம் இதைப் பயன்படுத்திய வேக்-அப் சோதனை 2018-இல் வந்தது. கரைக்கும் ஊசி பெற்றவர்களில் 53.3 சதவீதம் பேர் குறையின்றியோ மிகச் சிறு குறையோடோ மீண்டார்கள், பெறாதவர்களில் 41.8 சதவீதம்.

எஸ்டபிள்யூஐ என்ற எம்ஆர்ஐ படம் பழைய நுண்கசிவுகளையும் அடைத்திருக்கும் கட்டியையும் கறுப்பாகக் காட்டும். மூளைத்தண்டு, சிறுமூளைப் பாதிப்புகளில் எலும்பின் நிழல்கள் சிடியைக் கெடுப்பதால் எம்ஆர்ஐ வெகுதூரம் மேல். ஆனாலும் அடைப்புப் பக்கவாதங்களில் ஏறக்குறைய 7 சதவீதத்தில் ஆரம்ப டிடபிள்யூஐ எதையும் காட்டாது. பின் மூளைப் பகுதியில் இது இன்னும் அதிகம். பரிசோதனை பக்கவாதம் என்கிறது, படம் இல்லை என்கிறது என்றால் ஓரிரு நாளில் மறுபடி எடுங்கள்.

படி 7: 24 மணி நேரத்தில் மறு ஸ்கேன்

சிகிச்சைக்குப் பின் வழக்கமாக ஒரு நாள் கழித்து மறு ஸ்கேன் எடுப்பார்கள். முக்கியமாக ஊசி போட்டவர்களுக்கு, ஆஸ்பிரின் போன்ற மருந்தைத் தொடங்கும் முன். கசிவு இருந்தால் அது செத்த திசுவுக்குள் திட்டுத்திட்டாக ஊறியதா, கட்டியாகத் திரண்டு பக்கத்தை அழுத்துகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை பெரும்பாலும் மீட்சியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. பெரிய கட்டி கெடுக்கும். த்ராம்பெக்டமி முடிந்த கையோடு எடுத்த சிடியில் தெரியும் வெள்ளை ரத்தமாகவும் இருக்கலாம், தேங்கிய சாயமாகவும் இருக்கலாம். இரட்டை ஆற்றல் சிடி அல்லது மறுநாள் ஸ்கேன் அதைத் தெளிவாக்கும்.

இந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டியது வீக்கம். நடு மூளைத் தமனிப் பகுதி முழுக்கப் போனால் மூளை வீங்கி நடுக்கோட்டைத் தள்ளும். வீக்கம் வழக்கமாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொடும். முதல் 14 மணி நேரத்துக்குள் டிடபிள்யூஐ பாதிப்பு 145 மில்லியைத் தாண்டினால் இந்த ஆபத்து மிக அதிகம். 60 வயது வரை உள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து இடம் கொடுக்கும் அறுவை செய்தால் பிழைப்பவர்கள் 29 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று மூன்று ஐரோப்பியச் சோதனைகளைச் சேர்த்து 2007-இல் காட்டினார்கள். பிழைத்தவர்களில் பலர் கணிசமான குறையோடுதான் வாழ்கிறார்கள். அதைக் குடும்பத்திடம் முன்பே பேச வேண்டும்.

படி 8: மீட்சிக் கணிப்பு, அளவைவிட இடம்

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். பொதுவாக மீட்சியை மூன்றாம் மாதத்தில் ரேங்கின் அளவுகோலில் அளப்பார்கள். 0 என்றால் அறிகுறியே இல்லை, 6 என்றால் மரணம், 0 முதல் 2 வரை சுயமாக வாழ்பவர்.

பாதிப்பின் கொள்ளளவு கூடினால் மீட்சி குறையும் என்பது சராசரியாக உண்மை. ஆனால் ஒருவருக்கு அதை வைத்துச் சொல்வது ஏமாற்றும். த்ராம்பெக்டமி சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சிகிச்சை தந்த பயனில் சுமார் 12 சதவீதத்தைத்தான் இறுதிப் பாதிப்பின் அளவு குறைந்ததைக் கொண்டு விளக்க முடிந்தது. மீதிக்கு வேறு காரணங்கள் உண்டு; எங்கே பாதித்தது என்பதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

கை, கால் அசைவுக் கட்டளைகள் புறணியில் பரந்த இடத்திலிருந்து புறப்பட்டு, விரித்த விசிறியின் மடல்கள் காம்பில் கூடுவது போல, இன்டர்னல் கேப்ஸ்யூலின் பின்பகுதியில் நெருக்கமாகக் கூடும். அங்கே ஒரு சென்டிமீட்டர் பாதிப்பு கை முழுவதையும் முடக்கலாம். வலது நெற்றிப் பகுதியில் 60 மில்லி போயும் கை பலம் அப்படியே இருக்கலாம். அதனால் படத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது: அந்தப் பாதையை, அதாவது கார்ட்டிகோஸ்பைனல் பாதையை, பாதிப்பு எவ்வளவு வெட்டியிருக்கிறது? எளிமையாகச் செய்ய, டிடபிள்யூஐயில் இன்டர்னல் கேப்ஸ்யூல் தெரியும் துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வெள்ளை அதன் பின்பகுதியைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஆய்வுக்கூடங்களில் நோயாளியின் பாதிப்பை ஒரு பொது வரைபடத்துப் பாதையின் மேல் பொருத்தி, எத்தனை மில்லி மேலே படிகிறது என்று கணக்கிடுவார்கள்.

இன்னும் நுட்பமானது டிடிஐ, நரம்பு இழைகளின் ஓட்டத்தைக் காட்டும் எம்ஆர்ஐ வகை. நரம்பு இழைகள் ஒரே திசையில் ஒழுங்காக ஓடினால் எஃப்ஏ என்ற எண் உயரும், சிதைந்தால் குறையும். இரண்டு பக்கத்து எஃப்ஏ வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சமச்சீரின்மை அளவு கிடைக்கும். நல்ல பக்கம் 0.60, பாதித்த பக்கம் 0.40 என்றால் 0.20-ஐ 1.00-ஆல் வகுத்து 0.20. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட, கையின் மீட்சியைக் கணிக்கும் பிரெப் முறையில் 0.15 எல்லைக்கோடு. கைக்கு மூளையிலிருந்து சைகை போய்ச் சேராத நோயாளிகளிடம் (அதைச் சோதிக்கும் விதம் படி 9-இல்) இந்த எண் 0.15-ஐத் தாண்டினால் கையின் பயன்பாடு திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கணித்தார்கள். முதல் ஓரிரு நாளில் இந்த எண்ணை எடுப்பதில் பயனில்லை. வெட்டுப்பட்ட இழை கீழ்நோக்கிச் சிதைய நேரம் எடுக்கும். எஃப்ஏ குறைவது அடுத்து வரும் நாட்களிலும் வாரங்களிலும்தான் தெளிவாகும்.

படி 9: மூன்றாம் நாள் படுக்கையருகே போங்கள்

அதே குழு 2017-இல் பிரெப்2 என்று முறையைத் திருத்தியபோது எம்ஆர்ஐயை வெளியே எடுத்துவிட்டது! என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண்ணே அதன் வேலையைச் செய்தது. ஸ்கேன்தான் எல்லாம் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

முறை இப்படி. 72 மணி நேரத்துக்குள் பாதித்த கையின் தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள், விரல்களை நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை பலம் கொடுத்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல், வயது 80-க்குக் கீழே என்றால் கை மூன்றாம் மாதத்தில் மிக நன்றாக வரும் என்று எதிர்பார்க்கலாம். வயது 80 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த எதிர்பார்ப்புக்கு 8 வேண்டும். 5 முதல் 7 என்றால் நன்றாக வரும், முழுமையாக அல்ல. 5-க்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் அடுத்த சோதனை: மண்டைக்கு மேல் காந்தத் தூண்டல் கொடுத்து, மணிக்கட்டுத் தசையில் சைகை வருகிறதா என்று பார்ப்பது. வந்தால், இன்று கை துவண்டு கிடந்தாலும் பாதை உயிரோடு இருக்கிறது, நல்ல மீட்சி சாத்தியம். வரவில்லை என்றால் மூன்றாம் நாள் என்ஐஎச்எஸ்எஸ் 7-க்குக் கீழே இருப்பவருக்கு ஓரளவு, 7-உம் மேலும் உள்ளவருக்கு மிகக் குறைவு. நான்கில் மூன்று பேருக்கு இந்தக் கணிப்பு சரியாக வந்தது. அதாவது நாலில் ஒருவருக்குத் தப்பியது. அதையும் சேர்த்தே குடும்பத்திடம் சொல்ல வேண்டும்.

காந்தத் தூண்டல் வசதி பல இடங்களில் கிடையாது. அங்கே, கை அசையாத நோயாளிக்கு எம்ஆர்ஐயில் பாதை தப்பியிருக்கிறதா என்று பார்ப்பது அர்த்தமுள்ள வேலை. விரல்கள் ஏற்கெனவே நீள்கின்றன என்றால் டிடிஐக்கு அனுப்புவது வீண் செலவு என்பது என் கருத்து.

நடையைக் கணிக்க ஸ்கேன் இன்னும் குறைவாகவே உதவுகிறது. ஒரு வாரத்தில் உட்கார்ந்து உடம்பைத் தாங்கும் திறனும் இடுப்பை நீட்டும் பலமும்தான் முக்கியத் தடயங்கள். காலுக்கும் உடம்பின் நடுப்பகுதிக்கும் இரு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருவதால் கை போலத் தனிப் பாதையை அது அவ்வளவு நம்பியிருக்கவில்லை.

படி 10: பேச்சு, கவனம், நினைவு, அப்புறம் மூளையின் பழைய நிலை

பேச்சுக்கு இடது மூளையின் ஆர்குவேட் ஃபசிக்குலஸ் என்ற வளைந்த பாதையைப் பாருங்கள். அதன் சேதம் கூடக்கூடச் சரளமாகப் பேசுவது கடினமாகும். ஆனால் பேச்சில் பல ஆண்டுகள் கழித்தும் முன்னேறுபவர்கள் உண்டு, ஆகவே மூன்றாம் மாதக் கோட்டை இங்கே கறாராக வைக்க வேண்டாம். சிந்தனைத் திறன் குறைவோடு அதிகம் தொடர்புடைய இடங்கள் இடது நெற்றி-பொட்டுப் பகுதிகள், இடது தலாமஸ் (மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதி), வலது உச்சிப் பகுதி என்று 2021-இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்த ஆய்வு காட்டியது. தலாமஸ் பாதிப்பு படத்தில் ஒரு கடலை அளவுதான் இருக்கும். ரிப்போர்ட்டில் "சிறிய" என்ற சொல் வரும். அந்தச் சொல்லை நம்பி நினைவுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பாதித்த இடத்தைப் பார்த்து முடித்ததும் மிச்ச மூளையையும் பாருங்கள். மீட்சி என்பது மிஞ்சிய பகுதி செய்யும் வேலை. ஃபிளேரில் வெள்ளைப் பொருளில் படர்ந்த வெண்திட்டுகளை ஃபசேகாஸ் முறையில் 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். 3 என்றால் அவை ஒன்றோடொன்று கலந்து பரவியிருக்கின்றன. அவையும், மூளைச் சுருக்கமும், பழைய அடைப்புகளும் கூடக்கூட ஒரே அளவு புதிய பாதிப்பிலிருந்து மீள்வது கடினம். ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரியாக வரும் இந்தத் தகவலைப் பலர் வாசிப்பதேயில்லை.

படி 11: பின்னர் எடுக்கும் படங்கள்

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் எடுத்த சிடியில் பாதித்த இடம் மங்கி, இயல்பான மூளை போலத் தெரியலாம். அது குணமானதால் அல்ல. சிதைந்த இடத்தில் செல்களும் புது நுண்குழாய்களும் குவிந்து அடர்த்தி தற்காலிகமாகச் சமமாகிறது. மாதங்கள் கழித்து அதே இடம் கறுத்துத் துல்லியமாகத் தெரியும். பாதை வெட்டுப்பட்டவர்களுக்கு மூளைத்தண்டில் அதே பக்கத்துத் தூண் போன்ற பகுதி (பெடங்கிள்) மெலிந்திருப்பதையும் அப்போது பார்க்கலாம்.

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல் எம்ஆர்ஐ ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கத்தில் பாதித்த கையை அசைக்கும்போது இரு பக்க மூளையும் விரிவாக வேலை செய்யும். நன்றாக மீள்பவர்களிடம் அது மெல்ல மெல்லப் பாதித்த பக்கத்துக்கே திரும்பும். ஓய்வில் இருக்கும்போது இரு பக்கப் பகுதிகளும் எவ்வளவு ஒத்திசைந்து ஏறி இறங்குகின்றன என்பதும் மீட்சியோடு தொடர்புடையது. தனி நோயாளிக்குச் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இவை இன்னும் வரவில்லை. படத்தைக் கொடுத்தால் மூன்றாம் மாத நிலையைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே நிலைதான். அவற்றைப் பயிற்றுவித்த இடத்துக்கு வெளியே வேறு கருவியில், வேறு நோயாளிகளிடம் சோதித்தார்களா என்பதை முதலில் கேளுங்கள்.

நன்றாக முன்னேறி வருபவருக்கு "எவ்வளவு குணமாகியிருக்கிறது பார்க்கலாம்" என்று மறுபடி ஸ்கேன் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. இறந்த இடம் இறந்ததாகவேதான் தெரியும். முன்னேற்றத்தைக் கையிலும் நடையிலும் பேச்சிலும் அளக்க வேண்டும். மறு ஸ்கேன் தேவைப்படும் நேரங்கள் வேறு. புதிதாக ஒரு பக்கம் பலவீனமாவது, திடீர்க் கடுந்தலைவலி, வலிப்பு, நாளுக்கு நாள் தூக்கக் கலக்கம் கூடுவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் கீழே விழுந்து தலையில் அடிபடுவது. இவற்றில் எது வந்தாலும் மறுபடி முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும், முதலில் ரத்தத்தைத் தேடி.